எச்பியா, லெனோவோவா? முதல் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி சேர்க்கை சூடுபிடிக்கிற மாதங்களில் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "பையனுக்கு லேப்டாப் எடுக்கணும். எச்பி நல்லதா, லெனோவோ நல்லதா?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "எந்த எச்பி, எந்த லெனோவோ?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது.

கிண்டலுக்குச் சொல்வதில்லை. எச்பியின் விலை குறைந்த லேப்டாப்புக்கும் விலை கூடிய லேப்டாப்புக்கும் இருக்கிற தூரம், எச்பிக்கும் லெனோவோவுக்கும் இருக்கிற தூரத்தைவிட ரொம்ப அதிகம். ஒரே ஜவுளிக்கடையில் தரைத்தளத்தில் ஆடித் தள்ளுபடி நைட்டியும் இரண்டாம் மாடியில் முகூர்த்தப் பட்டும் விற்கிறார்கள். கடைப் பெயரை மட்டும் சொல்லி "அங்கே துணி நல்லா இருக்குமா?" என்று கேட்டால் எந்த மாடி என்றுதானே திருப்பிக் கேட்போம்? அதே கதைதான்.

வீட்டுக் கணக்கு, கல்லூரிப் பாடம், ஆன்லைன் வகுப்பு, எக்செல், டேலி, யூடியூப், பிரவுசரில் இருபது டேப் என்று இருக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கேம் ஆடுகிறவர்களும் வீடியோ எடிட் செய்கிறவர்களும் வேறு வரிசை பார்க்க வேண்டும். எச்பியில் விக்டஸ், ஓமன். லெனோவோவில் எல்ஓக்யூ, லீஜியன். அவை இங்கே வராது.

முதலில் ஒரு பழைய சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். "லெனோவோ சைனா கம்பெனி, எச்பி அமெரிக்கா" என்று ஒரு மாமா எப்படியும் சொல்வார். சொன்னது பொய்யில்லை. எச்பி 1939-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது. லெனோவோ 1984-இல் பெய்ஜிங்கில் வேறு பெயரில் தொடங்கி, 2005-இல் அமெரிக்காவின் ஐபிஎம்மிடமிருந்து பர்சனல் கம்ப்யூட்டர் பிரிவையே வாங்கியது. திங்க்பேட் என்கிற கறுப்பு லேப்டாப் அப்படித்தான் அதன் கைக்கு வந்தது. ஆனால் மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டுக்குள்ளும் மூளையாக இருப்பது ஏறக்குறைய எப்போதும் இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர்தான். ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்கிற தற்காலிக நினைவகம்) சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரில் ஒருவருடையதாகவே பெரும்பாலும் இருக்கும். அதோடு, லெனோவோவுக்குப் புதுச்சேரியில் தொழிற்சாலை இருக்கிறது. எச்பி 2021-இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் லேப்டாப் அசெம்பிள் செய்ய வைக்கிறது. இரண்டும் நம் ஈசிஆர், பெங்களூர் ரோடு பக்கத்துச் சரக்காகவே இருக்க வாய்ப்புண்டு. மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

படி 1: எந்த மாடி என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு கம்பெனியின் வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய இப்படி வரும்.

வீட்டு உபயோகத்தின் அடித்தட்டில் எச்பி 14, எச்பி 15 (பழைய ஸ்டாக்கில் 14எஸ், 15எஸ் என்று இருக்கும்). லெனோவோவில் அதற்கு ஈடு ஐடியாபேட் ஸ்லிம் 1, ஸ்லிம் 3.

அதற்கு மேல் எச்பியில் பெவிலியன், என்வி, ஸ்பெக்டர் என்று இருந்தது. 2024-இலிருந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆம்னிபுக் என்று கொண்டுவருகிறார்கள். கடைகளில் இரண்டு பெயரும் கலந்து கிடக்கும், குழம்ப வேண்டாம். லெனோவோவில் இந்த மாடிக்கு ஐடியாபேட் ஸ்லிம் 5, அதற்கும் மேலே யோகா.

கடை, ஆபீஸ், பில்லிங் வேலைக்கு எச்பி 250, 255. லெனோவோவில் வி14, வி15. பார்க்க மொத்தையாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் லேன் (இன்டர்நெட்) ஒயரைச் செருகுகிற ஓட்டை இருக்கும், அது வீட்டு உபயோக மாடல்களில் கிட்டத்தட்ட ஒழிந்தே போய்விட்டது. இன்னும் மேலே கம்பெனிகள் மொத்தமாக வாங்குகிற ப்ரோபுக், எலீட்புக். அந்தப் பக்கம் திங்க்புக், திங்க்பேட்.

ஒப்பிடுவதென்றால் ஒரே மாடிக்குள் ஒப்பிடுங்கள். ஐடியாபேட் ஸ்லிம் 1-ஐ வாங்கி "லெனோவோ சரியில்லை" என்கிறவரும், எலீட்புக் வைத்துக்கொண்டு "எச்பி மாதிரி வராது" என்கிறவரும் பேசுவது கம்பெனியைப் பற்றியே இல்லை, கொடுத்த பணத்தைப் பற்றி.

படி 2: ப்ராசஸர் பெயரை முழுசாக வாசியுங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போன வருடம் என் சித்தப்பா மகளுக்கு லேப்டாப் எடுக்கக் கடைக்குப் போனோம். மேசையில் இரண்டு பெட்டி. ஒன்றில் ரைசன் 5, 7520யூ. இன்னொன்றில் ரைசன் 5, 7530யூ. விலையில் சில ஆயிரம் வித்தியாசம். விற்பனைப் பையன் சொன்னான்: "ரெண்டும் ரைசன் 5 தான் சார், ரெண்டும் 7000 சீரிஸ்தான். இது கம்மியா வருது, இதையே எடுத்துக்கங்க." அவன் பொய் சொல்லவில்லை. பெட்டியின் மேல் இருந்ததைத்தான் சொன்னான்.

ஏஎம்டியின் 7000 வரிசை எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கிற கட்டமைப்பு எந்தத் தலைமுறை என்பதை அதுதான் சொல்கிறது. 7520-இல் அது 2, அதாவது ஜென் 2. 7530-இல் அது 3, ஜென் 3. முதல் இலக்கமான 7 வெறும் வெளியீட்டு வருடக் கணக்கு. 7520யூவில் கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி) நான்கு, 7530யூவில் ஆறு. பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது, உள்ளே தலைமுறையே மாறிவிடுகிறது. அதோடு 7320யூ, 7520யூ இரண்டும் போர்டிலேயே ஒட்டி வருகிற ரேம் வகையை மட்டும்தான் ஏற்கும். பிறகு ரேம் கூட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த ப்ராசஸர்களை எச்பியும் போடுகிறது, லெனோவோவும் போடுகிறது. இதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

இன்டெல் பக்கமும் இதே கூத்து உண்டு. கோர் ஐ3-1215யூ, வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். ஐ3-என்305 என்று வந்தால் அதில் எட்டு கோர் என்று போட்டிருப்பார்கள், ஆனால் எட்டும் சிக்கனத்துக்காகச் செய்த சின்ன கோர்கள். எழுத, படிக்க, வீடியோ பார்க்கப் பரவாயில்லை. செலரான் என்று பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள், எந்தக் கம்பெனி பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.

மாடல் எண்ணையும் வாசிக்கக் கற்றுக்கொண்டால் கடையில் நிமிர்ந்து நிற்கலாம். இந்தியாவில் விற்கிற எச்பி மாடல் எண் டியூ என்று முடிந்தால் இன்டெல், தனி கிராஃபிக்ஸ் (படம் வரைவதற்கென்றே உள்ள சிப்) கிடையாது. டிஎக்ஸ் என்றால் இன்டெல்லோடு தனி கிராஃபிக்ஸும் உண்டு. ஏயூ என்றால் ஏஎம்டி. லெனோவோவில் ஐடியாபேட் பெயருக்குப் பின்னால் 15ஐஆர்யூ8, 15ஏஎம்என்8 என்று ஒரு வால் இருக்கும். முதல் எண் திரை அளவு. அடுத்த எழுத்து ஐ என்றால் இன்டெல், ஏ என்றால் ஏஎம்டி. நடுவில் இருப்பது ப்ராசஸர் குடும்பம், கடைசி எண் தலைமுறை. நான் மேலே திட்டிய 7320யூ, 7520யூ ரகம் உட்கார்ந்திருப்பது எம்என் என்கிற குடும்பத்தில். வாலில் எம்என் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், மீதியை விற்பனைப் பையனிடம் கேட்க வேண்டியதில்லை.

சித்தப்பா மகளுக்கு 7530யூ எடுத்தோம். எந்தக் கம்பெனி என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

படி 3: ரேம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

8 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும். பிரவுசரில் பத்து டேப், கூடவே ஜூம் மீட்டிங் என்று போனால் மூச்சு வாங்கும். இன்று வாங்கி நாலைந்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 16 வேண்டும். இப்போதே 16 வாங்கலாம், இல்லையென்றால் 8 வாங்கிப் பிறகு கூட்டலாம். பிறகு கூட்ட முடியுமா என்பதில்தான் இரண்டு கம்பெனிக்கும் நிஜமான வித்தியாசம் தெரிகிறது.

எச்பி 15-இன் இன்டெல் மாடல்கள் பலவற்றில் ரேம் ஸ்லாட்டில்தான் வருகிறது. காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8-ஐச் செருகிவிடலாம். ஐடியாபேட் ஸ்லிம் 3-இன் எட்டாம் தலைமுறை மாடல்கள் (வாலில் கடைசி எண் 8) பலவற்றில் ரேமைப் போர்டிலேயே ஒட்டிவிட்டார்கள். வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். வேறு தலைமுறைகளில் பாதி ஒட்டியும் பாதி ஸ்லாட்டிலுமாக வரும். மாடலுக்கு மாடல் மாறுவதால் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

கடையில் டெமோ பீஸ் இருந்தால் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே வலப்பக்கம் சின்ன எழுத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் பெரும்பாலும் ஒரு இடம் காலி. அதற்கு அடுத்த வரி "ஃபார்ம் ஃபேக்டர்". அங்கே "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் ஒட்டியாகிவிட்டது, ஸ்லாட் எண்ணிக்கை என்ன காட்டினாலும் ஏமாறாதீர்கள். "சோடிம்" என்று இருந்தால் கழற்றலாம், மாட்டலாம். டெமோ பீஸ் வேறு மாடல் என்றால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டு மெமரி வரியைப் படியுங்கள். "சால்டர்டு", அதாவது ஒட்டியது, என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள்.

ஆகவே என் கணக்கு இது: 16 ஜிபியாகவே வாங்கக் கையில் பணம் இருந்தால் ஒட்டின ரேம் ஒரு குறையே இல்லை. 8-க்குத்தான் பட்ஜெட் என்றால், ஸ்லாட் இருக்கிற எச்பி 15 புத்திசாலித்தனம்.

ஃபைல்கள் தங்குகிற எஸ்எஸ்டி 512 ஜிபி எடுங்கள். அதைப் பின்னால் மாற்றுவது இரண்டு கம்பெனியிலும் எளிது, கவலை வேண்டாம்.

படி 4: டைப்-சி ஓட்டையைச் சந்தேகப்படுங்கள்

எல்லா டைப்-சியும் ஒரே மாதிரி தெரியும், ஒரே மாதிரி வேலை செய்யாது. எச்பி 15எஸ் மாடல்கள் பலவற்றில் டைப்-சி டேட்டாவுக்கு மட்டும்தான். பென் டிரைவ் செருகலாம், சார்ஜ் ஏறாது, மானிட்டர் ஓடாது. ஐடியாபேட் ஸ்லிம் 3 எட்டாம் தலைமுறை மாடல்களில் அதே டைப்-சி சார்ஜும் வாங்கும், மானிட்டருக்கும் படம் அனுப்பும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். ஹாஸ்டலில் சார்ஜரை மறந்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பக்கத்து அறை டைப்-சி சார்ஜர் உதவும். லேப்டாப்போடு வருகிற மெல்லிய முள் சார்ஜர் பழுதானால், அதே ரகம் தேடி அலைய வேண்டாம், 65 வாட் டைப்-சி சார்ஜர் எந்த ஊரிலும் கிடைக்கும். எச்பியின் நீலமுனை சார்ஜரும் எங்கும் கிடைப்பதுதான், ஆனால் போலி நிறைய. மற்ற எல்லாம் சமமாக இருந்தால் லெனோவோ பக்கம் நான் அரை அடி சாய்வதற்குக் காரணம் இந்த ஓட்டைதான்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. 1920-க்கு 1080, ஐபிஎஸ் பேனல் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ரகம்), வெளிச்சம் குறைந்தது 250 நிட்ஸ், கிடைத்தால் 300. டெமோ பீஸின் திரையைப் பின்னால் சாய்த்து மேலிருந்து கீழிருந்து பாருங்கள்; முகங்கள் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி வெளிறினால் அது ஐபிஎஸ் இல்லை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இந்த விஷயத்தில் இரண்டு கம்பெனியும் அடித்தட்டு மாடல்களில் கஞ்சத்தனம் காட்டும்.

படி 5: பத்து நிமிடம் டைப் அடியுங்கள்

ஒரே மாடி, ஒரே ப்ராசஸர், ஒரே ரேம் என்று வந்துவிட்டபின் தினமும் கையில் படுகிற வித்தியாசம் கீபோர்டில்தான் இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் நோட்பேடைத் திறந்து அடித்துப் பாருங்கள்.

முதலில் அம்புக்குறிகள். எச்பியில் இடது வலது அம்புகள் முழு உயரம். மேல் கீழ் அம்புகள் இரண்டும் அவற்றுக்கு நடுவில் ஒரே கீயின் இடத்தில் அரை அரையாக நசுங்கியிருக்கும். எக்செலில் நாள் முழுக்க மேலும் கீழும் ஓடுகிற என் நண்பர் ஒருவர் பழகவே மாட்டேன் என்று தனி கீபோர்டு மாட்டிக்கொண்டார். வேறு பலருக்கு அது கண்ணிலேயே படாது. நீங்கள் எந்த ரகம் என்பது அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து இடது கீழ் மூலை. எச்பியிலும் ஐடியாபேடிலும் மூலையில் கண்ட்ரோல். திங்க்பேடில் நெடுங்காலமாக அந்த மூலையில் எஃப்என் உட்கார்ந்திருந்தது, கண்ட்ரோல் அதற்கு அடுத்து. காப்பி, பேஸ்ட் என்று விரல் போகும்போதெல்லாம் தப்பும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற செட்டிங் திரை) இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி உண்டு. 2024 முதல் புது திங்க்பேடுகளில் அவர்களே மாற்றிவிட்டார்கள். சில எச்பி மாடல்களில் பவர் பட்டன், கீபோர்டின் மேல் வரிசையில் டெலீட்டை ஒட்டியே இருக்கும். கைதவறி அழுத்தினால் லேப்டாப் தூங்கிவிடும்.

டேலி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரல் பழகியிருக்கும். புது லேப்டாப்பில் எஃப்8 அழுத்தினால் சத்தம் மாறும், இல்லையென்றால் வேறு ஏதாவது நடக்கும். பயப்பட வேண்டாம், மேல் வரிசை "ஆக்ஷன் கீ"யாக (சத்தம், வெளிச்சம் மாதிரியானவற்றை மாற்றுகிற கீ) வைத்து விற்கப்படுகிறது. லெனோவோவில் எஃப்என்-ஐயும் எஸ்கேப்பையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினால் பழைய எஃப் கீகள் திரும்பிவிடும். எச்பியில் அதே இரண்டு கீகளைச் சேர்த்துத் தட்டினால் எஃப் கீ மாறாது. லேப்டாப்பின் மாடல், சீரியல் நம்பர் எல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் வரும். வாரன்ட்டிக்குப் பேசும்போது அது பெரிய உதவி, டேலிக்கு இல்லை. எச்பியில் எஃப் கீயை நிரந்தரமாக மாற்ற, ஆன் செய்த உடனே எஃப்10-ஐத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போய், ஆக்ஷன் கீஸ் மோடை அணைக்க வேண்டும்.

தமிழ் தட்டச்சு இரண்டிலும் ஒன்றுதான், காரணம் அது விண்டோஸின் வேலை. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டும் அஞ்சல் கீபோர்டும் உள்ளேயே இருக்கின்றன, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். கீயின்மேல் தமிழ் எழுத்து அச்சாகியிருக்காது. தமிழ்99-இல் எஃப் கீதான் புள்ளி, ஜே கீதான் ப. இந்த இரண்டு கீயின்மேலும் விரலுக்குத் தட்டுப்படுகிற சின்னக் கோடு எந்த லேப்டாப்பிலும் உண்டு, அங்கிருந்து மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஆறே மாதத்தில் பசை வழியும்.

கடைசியாக மூடி. ஒரு மூலையை மட்டும் ஒற்றை விரலால் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். திரை முறுகினாலோ, கீல் பக்கம் பிளாஸ்டிக் வாய் பிளந்தாலோ வேண்டாம். அடித்தட்டு லேப்டாப்களில் கீலின் திருகு ஏறுவது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழ்களில்தான். எப்போதும் ஒரு மூலையைப் பிடித்தே திறந்தால் அந்தக் குமிழ் ஒருநாள் பிய்ந்துகொண்டு வரும். எது வாங்கினாலும் திரையின் நடுவில் பிடித்துத் திறக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

படி 6: சர்வீஸ் சென்டரை முதலில் தேடுங்கள், லேப்டாப்பைப் பிறகு

இரண்டு கம்பெனியும் வீட்டு உபயோக மாடல்களுக்குப் பொதுவாக ஒரு வருட ஆன்சைட் வாரன்ட்டி தருகின்றன, அதாவது ஆள் வீட்டுக்கு வருவார். சென்னையிலும் கோவையிலும் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சின்ன ஊர் என்றால், கம்பெனி தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு அருகில் எந்த மையம் என்று பாருங்கள். பிறகு உள்ளூரில் லேப்டாப் பழுது பார்க்கிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "எந்தக் கம்பெனி ஸ்பேர் உங்களுக்குச் சீக்கிரம் கிடைக்குது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதிலை நான் எந்த ரிவ்யூவைவிடவும் மதிப்பேன். ஊருக்கு ஊர் பதில் மாறும். எச்பி என்றால் எச்பி, லெனோவோ என்றால் லெனோவோ, அதோடு தகராறு முடிந்தது.

ஆன்லைனில் வாங்கினால் இன்னொன்று. வாரன்ட்டி சில சமயம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காமல், கம்பெனியிலிருந்து சரக்கு கிளம்பிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியைத் திறந்த அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு முடிவு தேதியைப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் ஜிஎஸ்டி பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம், திருத்துவார்கள். கடைக்கோ தொழிலுக்கோ வாங்குகிறீர்கள் என்றால் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அது வேண்டும், 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை.

புதுசு கட்டுப்படியாகவில்லை என்றால்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேடும் எலீட்புக்கும் வரிசையாக அடுக்கியிருக்கும். அடித்தட்டுப் புது லேப்டாப்பைவிடப் பழைய மேல்தட்டு லேப்டாப் நல்லது என்று அடித்துச் சொல்கிற கட்சியில் நானும் ஒருவன். திங்க்பேட் டி480, எலீட்புக் 840 ஜி5 இரண்டும் 2018-ஆம் வருடச் சரக்கு, பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர். அந்த எட்டுதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். ஏழாம் தலைமுறையை "சூப்பர் கண்டிஷன் சார்" என்று நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

டி480-இல் இரண்டு பேட்டரி: ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி. லேப்டாப்பை அணைக்காமலே பின் பேட்டரியை மாற்றலாம். மின்வெட்டு ஊர்க்காரர்களுக்கு இது வரம். எலீட்புக் அலுமினிய உடம்பு, பார்வைக்கு இன்னும் புதுசாக இருக்கும். எனக்கு டி480-இன் கீபோர்டுதான் பிடிக்கும், அது ருசி.

வாங்கும் முன் லேப்டாப்பை அணைத்து ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்: திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் வேண்டவே வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, கடைக்காரரிடம் சாவி இருக்காது.

படி 7: முதல் நாள் மாலை

பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள், சீல் தெரிகிற மாதிரி. திரையில் முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படம் வைத்து புள்ளி ஏதும் செத்திருக்கிறதா பாருங்கள். கூடவே வருகிற மெக்காஃபீ ஆன்டிவைரஸ் ட்ரையலை நீக்கிவிடுங்கள், விண்டோஸின் சொந்த டிஃபெண்டரே போதும். பெட்டியில் ஆஃபீஸ் உண்டு என்று போட்டிருந்தால் அன்றைக்கே ஆக்டிவேட் செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு இருக்கிறது.

அப்டேட்டுக்கு எச்பியில் சப்போர்ட் அசிஸ்டன்ட், லெனோவோவில் வான்டேஜ். இரண்டில் வான்டேஜ் எனக்கு வசதி. அதில் கன்சர்வேஷன் மோட் என்று ஒன்று இருக்கும்; போட்டுவிட்டால் பேட்டரி முழுக்க ஏறாமல், புது மாடல்களில் 80 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். மேசையிலேயே சார்ஜரோடு கிடக்கிற லேப்டாப்புக்கு அவசியம் போடுங்கள், பேட்டரி உப்பாமல் நாள் கூடி உழைக்கும். எச்பியின் ஆபீஸ் மாடல்களில் இதே வசதி பயாஸுக்குள் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது.

சார்ஜரின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வர்டரில் செருகாதீர்கள். உலோக உடம்பு லேப்டாப் என்றால் மணிக்கட்டில் எறும்பு ஊருகிற மாதிரி ஜிவ்வென்று இருக்கும். லேப்டாப் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. எர்த் இல்லாததுதான் காரணம்.

இன்னொன்றை என் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அக்கா மகனின் லேப்டாப்பில் மதர்போர்டு போய், வாரன்ட்டியில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவைக்கும் என்பதும், சாவி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியாது. அந்த அக்கவுன்ட்டை முதல் நாள் கடைக்காரர் ஏதோ ஒரு மெயிலில் போட்டுக் கொடுத்திருந்தார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உட்பட எல்லாம் போனது. எச்பியாக இருந்தாலும் லெனோவோவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். எனவே அக்கவுன்ட்டைப் பிள்ளையின் சொந்த மெயிலில், உங்கள் கண்ணெதிரே தொடங்குங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்த அக்கவுன்ட்டுக்குள் போய் ரெகவரி கீயை எடுத்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற ஃபைலில் பில்லோடு சேர்த்து வையுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் அது ஒரு வருடத்தில் தேய்ந்துபோகும். பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிகிற வரைக்குமாவது பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.